கடைசியா எப்போ நல்லா இருந்தாருங்க?

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்குப் பக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு இருபதுக்கு அம்மா போன் செய்தார். "அப்பா பேசறது ஒண்ணும் வெளங்கல கண்ணு. வாய் ஒரு பக்கமா இழுக்குது."

அப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, கட்டுத்தரையில் எருமைக்குத் தவிட்டுத் தண்ணி வைக்கப் போயிருக்கிறார். போசி கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பித்தமாக இருக்கும் என்று அம்மா காப்பி கொடுத்திருக்கிறார். அது வாயின் வலது ஓரமாகவே வழிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து பார்த்துவிட்டு, இது வாதம், புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பக்கம் தலைமுறையாகச் சொல்லி வருவதுதான். ஆனால் அந்தப் பேச்சிலேயே கால் மணி நேரம் போய்விட்டது.

பெரியப்பா மகன் தன் காரில் போட்டுக்கொண்டு, கிடைத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். 108-க்கு அடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது எட்டு பத்து. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. "ஸ்கேன் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டேன். இங்கே மிஷின் இல்லை, பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்து எழுதிக் கொடுப்பார் என்றார்கள். பக்கவாதம் என்று தெரிந்தே நாற்பது நிமிடம் அங்கே படுக்க வைத்திருந்தார்கள். இங்கே முடியாது, வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள் என்று வாசலிலேயே சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டிலும் இதேபோல் நடந்திருந்தது. அவருக்கு அடித்தேன். "டிரிப்ஸைப் பாத்துட்டு நிக்காதீங்க. கோயமுத்தூர் கிளம்புங்க. போற ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே போன் பண்ணி, சிடி ஸ்கேன் இப்ப ஓடுதா, நரம்பு டாக்டர் இருக்காரான்னு கேட்டுட்டுப் போங்க" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். ஆம்புலன்ஸில் ஏற்றி, பல்லடம், சூலூர் வழியாகப் போய்ச் சேரும்போது ஒன்பது நாற்பது. முன்பே சொல்லியிருந்ததால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள்.

பெயர், வயது எல்லாம் பிறகுதான் கேட்டார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தாருங்க?"

"காத்தால நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றார் அம்மா.

"மணி எத்தனை இருக்கும்மா?"

"வெளிச்சம் வந்துருச்சுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார். கீழே விழுந்ததை நாம் பார்த்த நேரம் கணக்கில் வராதாம். கடைசியாக ஒருவர் அவரை நல்லபடியாகப் பார்த்த நேரம்தான் கணக்கு. தூங்கி எழும்போதே கை கால் விழுந்திருந்தால், முந்தின இரவு படுத்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். ரத்தக் குழாயை ரத்தக் கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. மூளையில் ரத்தம் கசிந்திருந்தாலோ அதே ஊசி உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஸ்கேன் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே சொசைட்டியில் பால் டெஸ்ட் பண்ணும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆறே முக்காலுங்க. பால்ல எஸ்என்எஃப் சத்தைக் குறைச்சுப் போடறேன்னு எங்கூடச் சண்டை போட்டுட்டுல்ல போனாரு" என்றார். போனை அப்படியே டாக்டர் காதில் வைத்தேன். பேச்சு தெளிவாக இருந்ததா, நடை எப்படி இருந்தது என்று இரண்டே கேள்வி கேட்டார். பிறகு சீட்டில் 6.45 என்று எழுதி வட்டம் போட்டார்.

ஸ்கேனில் கசிவு இல்லை. சர்க்கரை குறைந்தாலும் இப்படித் தெரியுமாம், அதற்கும் விரலில் குத்திப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் கையெழுத்து. ஊசி போட்ட பிறகு சிலருக்குத் தலைக்குள் ரத்தம் கசியலாம் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். ஈரோட்டில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். அக்கா அழுதுகொண்டே, "நீ பக்கத்துல இருக்கற, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடையைப் பார்த்து மருந்தை அளந்து, முதலில் கொஞ்சம் ஒரேயடியாகவும், மீதியை ஒரு மணி நேரம் மெதுவாகவும் ஏற்றினார்கள். ஆரம்பிக்கும்போது பத்து இருபத்தைந்து.

முதல் நாள் ராத்திரி யாரையும் உள்ளே விடவில்லை. மறுநாள் ஒறம்பரை எல்லாம் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்துவிட்டார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விழுங்கிப் பார்க்கும் பரிசோதனை முடியாமல் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நுரையீரலுக்குள் போய்விடுமாம். காலையில் கொடுத்த காப்பியை நினைத்து அம்மா உடைந்துவிட்டார். இரண்டு நாளாக அதையேதான் பேசினார். எனக்கும் அதுவரை தெரியாது என்பதுதான் நிஜம்.

வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். நான் ஆஸ்பத்திரியில். அக்கா வீட்டுக்காரர் பணமும் காகிதமும். போன்களுக்குப் பதில் சொல்வது அக்கா மட்டும். கறவைகளைப் பங்காளி வீட்டுச் சித்தப்பா கேட்காமலேயே பார்த்துக்கொண்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அரிசி டிரம்முக்குள் மஞ்சப் பையில் இருந்தது. அதை எடுத்து வர ஒருவர் ஐம்பது மைல் போய்வர வேண்டியதாயிற்று. இப்போது அந்த அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைச் சீட்டு நான்கையும் படம் பிடித்து எங்கள் மூன்று பேர் போனிலும் வைத்திருக்கிறோம்.

மாத்திரைச் சீட்டு என்றதும் சொல்ல வேண்டும். அப்பா பிரஷர் மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்திவிட்டிருந்தார். தலைசுற்றல் இல்லையே, எதற்கு என்று. டாக்டர் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிய வந்தது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்த்து, மாத்திரையும் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். மாத்திரை கொண்டு வரும் பெண் முன் வாரம் வந்தபோது, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பழைய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் புதிதைக் கொடுத்தாராம்.

பேச்சு ஒரு வாரத்திலேயே திரும்பியது. நடையும் பரவாயில்லை. வலது கை விரல்கள்தான் இன்னும் முழுதாக வரவில்லை. பிசியோதெரபி அம்மா சொன்னபடி, தட்டத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடித்து டம்ளரில் போடுகிறார். பொங்கலுக்குள் இருபது வந்தது. நேற்று அம்மா போனில் சொன்னார், முப்பத்து நாலாம்.