மொட்டை மாடியில் பி.டி.எஸ்.

ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. நடு எழுத்து T என்றால் கொரியாவின் ஏழு பாட்டுக்காரப் பையன்கள், D என்றால் பல் டாக்டர் படிப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பி.டி.எஸ்.தான். தொல்காப்பியர் காலத்திலிருந்தே நமக்கு இருப்பது ஒரே ஒரு 'ட'. அதனால் ஒரு மனுஷன் கடைவாய்ப் பல் வலியோடு என் வீட்டு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டிவரும் என்று தொல்காப்பியரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

நான் உறையூர்க்காரி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வயது 43. 2020 ஆகஸ்டில், ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது, ஆன்லைனில் திரிகோணமிதி நடத்திவிட்டுக் கொட்டாவியோடு போனை நோண்டியதில் அந்தப் பையன்களின் 'டைனமைட்' பாட்டு மாட்டியது. அதோடு சரி. "ஏழு பேர் மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கே, எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். வருஷா வருஷம் ஜூனில் 52 புது முகங்களை ஒரே வாரத்தில் பேரோடு பிடித்து வைக்கிறவளுக்கு ஏழு முகமா கஷ்டம்?

இந்த வயதில் இது வந்தால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. கோவில் வாசலில் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் நிற்கும் பெண்ணின் போன் கவருக்குள் ஏழு பேரில் ஒருத்தரான ஜிமின் படம் தெரியும். கேட்க வாய் துடிக்கும், கேட்க மாட்டேன். கடைசியில் ஜெராக்ஸ் கடையில்தான் மாட்டிக்கொண்டேன். வினாத்தாள் நகலெடுக்கும்போது என் போன் அடித்தது. ரிங்டோனைக் கேட்டதும் அந்தக் கடைப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு, "மிஸ்... நீங்க ஆர்மியா?" என்றாள், ஏதோ தலைமறைவு இயக்கத்தில் ஆளைக் கண்டுபிடித்த மாதிரி. (ஆர்மி என்பது இந்தக் குழுவின் ரசிகர்களுக்குப் பெயர். இந்த வார்த்தையையும் நினைவில் வையுங்கள், பின்னால் வம்பு பண்ணும்.)

அவள் ஒருத்தி, எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், இன்ஜினியரிங் படிக்கும் என் பழைய மாணவி, பிறகு "தங்கச்சிக்காக வந்தேன் மிஸ்" என்று ஆறு மாதமாகத் தங்கச்சி இல்லாமலே வரும் ஒரு பையன். என்னோடு ஐந்து. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். மலைக்கோட்டை விளக்கு தெரியும் இடத்தில் பாய், நடுவில் முறுக்கு டப்பா. பேச்சு ஒன்றுதான்: எந்த ஆல்பம் பெரிசு.

சிரிக்காதீர்கள். இது ராஜாவா ரகுமானா சண்டையைவிட மோசம். அங்கே இரண்டு கட்சி, இங்கே ஆளுக்கொரு கட்சி. ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கு 2016-இல் வந்த 'விங்ஸ்'தான் எல்லாம். மாணவிக்கு 2018-இன் 'லவ் யுவர்செல்ஃப்: டியர்', அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் இடம் பிடித்த முதல் கொரிய ஆல்பம். பையனுக்கு 2015-இல் இரண்டு பாகமாக வந்த, இளமையின் அழகான தருணங்களைப் பற்றிய வரிசை. அதற்கு மேல் எதுவுமே பாட்டில்லை என்பான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 2020 பிப்ரவரியில் வந்த 'மேப் ஆஃப் த சோல்: 7'. ஏழு பேர், ஏழு வருஷம், அதனால் அந்தப் பெயர். எங்களுக்குச் சுருக்கமாக 'செவன்'. நாலு அட்டையில் நாலு விதமாக வந்தது. நாலையும் வாங்கினாள். உள்ளே நாலிலும் அதே பாட்டு. வரும் போட்டோகார்டு மட்டும் யாருடையது என்று பிரிக்கிறவரை தெரியாது. எனக்கு வந்த சுகாவின் கார்டு இப்போது மாமியாரின் கந்தர் சஷ்டிக் கவசப் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது. கேட்டால் "புள்ள நல்லாத்தானே இருக்கான், அங்கேயே இருக்கட்டும்" என்கிறார்.

என் கட்சி எது என்றால், பெருந்தொற்றுக் காலத்து நவம்பரில் வந்த அந்த ஆல்பம். பெயர் வெறும் இரண்டு எழுத்து, ஒரே அசை. அதை அப்படியே உச்சரித்தால் மாமியார் என் வாயைக் கழுவச் சொல்வார். அதனால் எங்கள் மாடியில் அதற்கு மரியாதையாக 'பி.இ.' என்று பெயர்.

வீட்டுக்காரர் இதில் வாய் திறந்தது ஒரே முறை. 'விங்ஸ்' ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றைத் தழுவிய கருத்தில் செய்தது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். துணி எடுக்க மாடிக்கு வந்தவர் நின்று, "ஹெஸ்ஸேயோட சித்தார்த்தன் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம்ம திருச்சியில 'சிவாஜி' பத்திரிகை நடத்தின திருலோக சீதாராம், தெரியுமா?" என்றார். ஏதோ அந்த ஆல்பமே உறையூரில் பதிவு செய்தது போல அந்தப் பெண் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரம் 'விங்ஸ்' ஜெயித்தது. சொந்த ஊர்ப் பாசம்.

இப்போது வம்புக்கு வருகிறேன்.

2026 ஜனவரி. ஏழு பேரும் கட்டாய ராணுவ சேவை முடித்து வந்தாயிற்று. 2022 டிசம்பரில் மூத்தவர் ஜின் முதலில் போனார். 2025 ஜூனில் சுகா கடைசியாக முடித்தார். 2022 ஜூனில் வந்த 'ப்ரூஃப்'புக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து போடும் ஆல்பம் 2026 மார்ச் 20-இல் என்று அறிவிப்பு வந்து, பெயரும் வந்துவிட்டது: 'அரிராங்'. நான் கீழே கூடத்தில் சத்தமாகப் படித்தேன். விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன? அரிரங்கனா?"

"அரிராங், அத்தை. அவங்க ஊரு நாட்டுப்பாட்டு."

"எல்லாம் ஒண்ணுதான். கொரியாக்காரனே ரங்கன் பேரை வெக்கிறான், நம்ம வீட்டுல ஸ்ரீரங்கம் போய் நாலு மாசமாச்சு."

பாட்டின் கதையையும் சொன்னேன். அரிராங் கணவாயைத் தாண்டித் தன்னை விட்டுப் போகிறவனைப் பார்த்து ஒருத்தி பாடுவது, பத்து லி தூரம் போவதற்குள் உன் கால் வலி எடுக்கட்டும் என்று. "கால் வலிக்கட்டும்னு சாபம் விடுறாளா?" என்று மாமியார் திரியைக் கீழே வைத்தார். "அப்ப நம்மூர்ப் பாட்டுதாம்மா."

இந்தச் சந்தோஷத்தில்தான் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கடைசி வீட்டு மாமாவிடம் பேசியிருக்கிறார். அவர் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் சொன்னவை மூன்றே வாக்கியம். மருமக டீச்சர். சனிக்கிழமையானா மாடியில பி.டி.எஸ். பசங்களோட மீட்டிங். எல்லாரும் ஆர்மி. மூன்றிலும் ஒரு பொய் கிடையாது. ஆனால் மாமா கூட்டிப் பார்த்ததில், ராணுவப் பல் மருத்துவப் பிரிவில் இருந்து வந்து இப்போது மாணவர்களுக்கு ட்யூஷன் எடுக்கும் ஒரு பேராசிரியை விடையாக வந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை கழுத்தில் மப்ளரோடு மாமா மாடியேறி வந்தார். என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "எந்த யூனிட்?" என்றார்.

பெரியவர் பேரன் படிப்புக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, "ஏழாவது யூனிட் மாமா, அளவியல். நேத்துதான் முடிச்சேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியாரைப் பார்க்க வந்தவர் காற்று வாங்குகிறார் போல என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அன்றைக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். புது ஆல்பம் வருவதற்குள் இந்தப் பஞ்சாயத்தை முடித்தாக வேண்டும். ஆளுக்கு மூன்று ஆல்பம், முதலுக்கு 3 மதிப்பெண், அடுத்ததற்கு 2, பிறகு 1. கூட்டினால் விடை. கணக்கு டீச்சர் புத்தி. ஆனால் 'ப்ரூஃப்'பைச் சேர்ப்பதா என்பதிலேயே அடிதடி. மூன்று சிடி, பெரும்பாலும் பழைய பாட்டு. "அது சுண்டக்குழம்பு மிஸ், கணக்குல வராது" என்றான் பையன். "சுண்டக்குழம்புக்குத்தான் ருசி ஜாஸ்தி" என்றேன்.

"டியர் வந்தப்ப நான் ஏழாங்கிளாஸ். ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல மிஸ்" என்றாள் மாணவி.

நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு. "எனக்கும் ரெண்டு நாளா கஞ்சிதாம்மா."

பாவம், உடம்பு சரியில்லை போல என்று முறுக்கை நீட்டினேன். அதை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"பேசாம செவனை எடுத்துடலாம்" என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண். "எல்லாரும் அதையே போட்டா போட்டியே இல்ல."

"செவனை எடுக்கவே கூடாது!" எதிர்வீட்டுப் பெண் கிட்டத்தட்ட அழுதாள். "செவனை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"ஆமாம்மா, எடுக்காமப் பாருங்க" என்றார் மாமா கன்னத்தைப் பிடித்தபடி. "மருந்துலயே சரி பண்ண முடிஞ்சா நல்லது."

கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் சண்டை சூட்டில் யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. ஜெராக்ஸ் கடைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ரூட்டு விங்ஸ்தான். ரூட்டை விட்டுட்டு மேல மேல பூசிக்கிட்டிருந்தா ஆச்சா?"

"ரூட் வரைக்கும் போகணுமா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"கண்டிப்பா சார். உள்ள இறங்கிக் கிளறணும். அப்பதான் உண்மை தெரியும்."

பையன் தன் தீர்ப்பைச் சொன்னான். "எதுவா இருந்தாலும் வலிக்கணும். வலிக்கலன்னா அது என்னத்துக்கு?"

மாமா எழுந்துவிட்டார். எல்லையில் நின்ற மனுஷன், கை நடுங்குகிறது. நேரே என்னிடம் வந்து, "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவங்கெல்லாம் படிக்கிற பிள்ளைங்க. நீங்களே பாத்துடுங்க" என்று சொல்லி, மாடி விளக்குக்கு நேராக வாயை ஆவென்று திறந்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் பார்த்தேன். போன் டார்ச்சைப் போட்டு, குனிந்து, உள்ளே பார்த்தேன். இருபது வருஷ வாத்தியார் வேலை. யார் எதை நீட்டினாலும் வாங்கித் திருத்துகிற கை. வலது பக்கம், கீழே, ஞானப்பல்லுக்கு முந்தின பல் கறுத்துப் போயிருந்தது. "வீங்கியிருக்கே மாமா" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான், இவர் ஏன் என்னிடம் வாயைத் திறக்கிறார் என்று உறைத்தது.

விளக்கம் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். கீழேயிருந்து மாமியார், "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று மூன்று தடவை கேட்டார்.

மாமா கோபப்படவில்லை. மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "அப்ப ஆர்மி?" என்றார். அது எங்கள் பெயர் மட்டும்தான், நிஜ ராணுவத்துக்குப் போய் வந்தது அந்தப் பையன்கள்தான் என்று சொன்னேன். சுகாவுக்குத் தோளில் அறுவை நடந்ததால் படைக்குப் பதிலாக அலுவலகச் சேவை, மற்றவர்களுக்குப் படையில் ஒன்றரை வருஷம். "இவ்ளோ பேரு வாங்கின பசங்க, முடிய ஒட்ட வெட்டிக்கிட்டுப் போனானுங்களா?" என்று போனில் படத்தை வாங்கிப் பார்த்தார். ஜின் மொட்டைத் தலையோடு இருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். "கட்டிங் சரியா இருக்கு" என்றார். கீழே இறங்கும்போது வாசலில் மாமியார் அவருக்கு ஒரு கிராம்பு கொடுத்தனுப்பினார். அன்று அந்த வீட்டில் நடந்த ஒரே வைத்தியம்.

திங்கட்கிழமை நிஜ டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை படியேறி வந்து, "செவனை எடுத்தாச்சு" என்று அறிவித்தார். டாக்டர்கள் கணக்கிலும் அந்தப் பல்லுக்கு எண் ஏழாம். எதிர்வீட்டுப் பெண் முகம் வாடிப்போனது. இப்போது எங்கள் மாடியில் ஆறு பேர். மாமாவின் ஓட்டு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மார்ச் 20 வரட்டும், படைக்குப் போய் வந்தபிறகு எப்படிப் பாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.

மார்ச் 20-தான் எனக்குச் சிக்கல். வெள்ளிக்கிழமை, அதுவும் பொதுத்தேர்வுக் காலம். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிற ஊர். அங்கே மதியம் பாட்டு வந்தால் இங்கே நான் போனை அணைத்துவிட்டு ஹாலில் விடைத்தாளுக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பேன். மார்ச்சில் யாருக்கும் லீவு கிடையாது என்று எங்கள் ஹெச்.எம். ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் தமிழில்தான் எழுத வேண்டும். எழுதினேன். "20.3.2026 அன்று பி.டி.எஸ். தொடர்பாக எனக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஒரு சொல் பொய் கிடையாது.

ஹெச்.எம். படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பல்லா டீச்சர்? எது, ஒண்ணா ரெண்டா?"

பழக்க தோஷம். "ஏழு சார்" என்று வந்துவிட்டது.

"ஏழுமா!" என்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, அரை நாளை அடித்து முழு நாள் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.