சேலையூரில் இரண்டு கிரவுண்டு மனையும் ஒரு பழைய வீடும்: விலையை நாங்கள் எடைபோட்ட விதம்

சென்னையின் தென்புறநகரில் பழைய தனி வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால், கிரவுண்டுக்கு (2,400 சதுர அடிக்கு) எவ்வளவு என்பதைத்தான் தரகர் முதலில் சொல்வார். வீட்டைப் பற்றிக் கேட்டால், "அது பழசு சார், அதுக்குத் தனியா விலை போடலை" என்பார். சேலையூரில் நாங்கள் பார்த்த வீடும் இப்படித்தான் எங்களிடம் வந்தது. 40 அடி முகப்பு, 120 அடி நீளம், பத்திரப்படி 4,800 சதுர அடி, அதாவது சரியாக இரண்டு கிரவுண்டு மனை. அதில் 1968-இல் கட்டிய, 756 சதுர அடி அளவுள்ள ஒரு மெட்ராஸ் டெரஸ் வீடு. மனைக்குத்தான் விலை, வீடு கணக்கில் இல்லை என்ற பேச்சை அப்படியே ஏற்காமல், இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்ட பிறகே விலை பேசுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். இப்படிப்பட்ட சொத்தை வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. விலை சதுர அடிக் கணக்கில் போகும்போது, பத்திரத்தில் எழுதியிருக்கும் அளவை நம்பிப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தோம். முன்பக்கம் 40 அடி சரியாக இருந்தது. பின்பக்கம் 38½ அடிதான் இருந்தது. மொத்தம் 4,710 சதுர அடி. பட்டாவில் பரப்பு சதுர மீட்டரில் இருந்ததால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, 437.5 சதுர மீட்டர் என்ற அந்த எண்ணைச் சதுர அடிக்கு மாற்றினால் கிட்டத்தட்ட அதே 4,710 வருகிறது. ஆக, பட்டாவும் தரையில் இருக்கும் நிலமும் ஒத்துப்போகின்றன, பத்திரம் மட்டும்தான் 90 சதுர அடி கூடுதலாகச் சொல்கிறது. புல வரைபடத்தையும் வாங்கிப் பார்த்து, பின்பக்கத்து அண்டை வீட்டார் ஆக்கிரமித்திருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். அளந்த பரப்புக்குத்தான் பணம் தருவோம் என்பதை விற்பவர்களிடம் அன்றே சொல்லிவிட்டோம், அவர்களும் மறுக்கவில்லை.

அடுத்து, மனையின் வடிவம். இரண்டு கிரவுண்டு என்றாலும், 60 அடிக்கு 80 அடி இருக்கும் மனையும் 40 அடிக்கு 120 அடி இருக்கும் மனையும் ஒன்றல்ல. நீள மனையில் பின்பாதிக்குச் சாலை கிடையாது. மதிப்பீட்டாளர்கள் இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: மனையைச் சாலையிலிருந்து பட்டை பட்டையாகப் பிரித்து, முதல் பட்டைக்கு முழு விலை, இரண்டாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதற்குப் பாதி என்று போடுவார்கள். நம் ஊரில் விற்பவர் எவரும் இதை எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். கிரவுண்டு என்றால் எல்லாம் ஒரே விலை என்பதுதான் இங்கே வழக்கம். இருந்தாலும் வாங்குபவர் தன் கணக்குக்காகவாவது இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் மனையில் இந்தச் சிக்கலைக் கூட்டியது வீடு அமைந்திருந்த இடம். சாலையிலிருந்து 25 அடி உள்ளே தள்ளி, 28 அடி அகலத்தில் வீடு நிற்கிறது. இடப்பக்கம் 4 அடி, வலப்பக்கம் 8 அடி இடைவெளி. அந்த 8 அடிச் சந்தில் கார் போகும். போர்வெல் வண்டியோ ஜல்லி இறக்கும் லாரியோ போகாது. வீட்டை இடிக்காமல் பின்னால் இன்னொரு சிறு வீடு கட்டலாம் என்று தரகர் சொன்னது உண்மைதான். ஆனால் மணலும் கம்பியும் செங்கலும் முன்வாசலில் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் பின்னே போக வேண்டும். ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அந்தச் சந்தை நாடாவால் அளந்து பார்த்த உடனேயே கூலி கூடும் என்று சொல்லிவிட்டார். வீடும் மனையும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெளிவாகப் புரிந்தது.

மனையில் எவ்வளவு கட்ட முடியும் என்ற பேச்சிலும் ஒரு பெரிய எண் அடிபட்டது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. இதை மனைப்பரப்போடு பெருக்கி, 9,400 சதுர அடிக்கு மேல் கட்டலாம் என்று விற்பவர்கள் தரப்பில் சொன்னார்கள். ஆனால் சுற்றிலும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்துமிடம், சாலையின் அகலம் எல்லாம் சேர்ந்துதான் உண்மையான அளவைத் தீர்மானிக்கின்றன. பத்திரத்தில் 20 அடிச் சாலை என்று இருந்தது. எதிர்ச் சுவரிலிருந்து எங்கள் சுவர்வரை அளந்தால் 18 அடிதான். விமானப்படைத் தளம் அருகில் இருப்பதால் தடையின்மைச் சான்று தேவைப்படுமா என்பதையும் கட்டட வரைபடம் போடுபவரிடம் விசாரித்தோம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் எளிதாக அனுமதி வாங்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனைகளுக்குத்தான் என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. அடுக்குமாடி கட்டும் நோக்கம் எங்களுக்கு இல்லை. இல்லாத நோக்கத்துக்காகக் கூடுதல் விலை தருவதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம்.

இனி வீடு. மெட்ராஸ் டெரஸ் தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் சன்னமான சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இதில் கம்பி கிடையாது, ஆகவே துருப்பிடித்து வெடிக்கும் பிரச்சினையும் கிடையாது. பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் இறங்கினால், வெளியே பளபளவென்று இருக்கும் மரம் உள்ளே மக்கிப்போயிருக்கும்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரத்தின் நுனியையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் முனை இறங்கவே இல்லை. சமையலறைக்கு மேலே இருந்த இரண்டில் மட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால், சரியாக அந்த இடத்துக்கு மேல்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் அடியில் தட்டோடுகள் பெயர்ந்திருந்தன. காரணமும் விளைவும் ஒரே கோட்டில் இருந்ததால், கூரை முழுவதும் கெட்டுவிடவில்லை, ஓர் இடத்துக் கசிவுதான் இத்தனையையும் செய்திருக்கிறது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. கரையான் புற்று குளியலறைக் கதவு நிலையில் மட்டும் இருந்தது. சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டி அடித்தளத்தைப் பார்த்து, இதன்மேல் மாடி எழுப்ப முடியாது, எழுப்புவதானால் தனித் தூண்கள் வேண்டும் என்றார். மின்கம்பிகள் முழுவதையும் மாற்ற வேண்டும், பல இடங்களில் நில இணைப்பே (எர்த்) இல்லை. குழாய்களும் அப்படியே. கழிவுநீர்த் தொட்டி சிறியது. பின்னால் இருந்த உறைக்கிணற்றில் மே மாத இறுதியிலும் தண்ணீர் இருந்தது.

வீட்டைவிட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது சாலையின் உயரம். பழைய வீடுகள் இருக்கும் தெருக்களில் ஆண்டுக்கணக்காகச் சாலைக்குமேல் சாலை போட்டு, வாசற்படிகள் எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கின்றன. இந்த வீட்டில் முன்பு நான்கு படிகள் இருந்ததாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். இப்போது இருப்பது ஒன்று. மட்டக்குழாய் வைத்துப் பார்த்ததில், வீட்டின் தரை சாலையைவிட 5 அங்குலம்தான் உயரத்தில் இருந்தது, தோட்டமோ சாலையைவிடத் தாழ்ந்திருந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் வெவ்வேறு வீடுகளில் தனித்தனியாகக் கேட்டோம். "2015-ல வாசப்படியத் தொட்டுச்சு, உள்ள வரல தம்பி. தோட்டத்துல முழங்கால் தண்ணி" என்று அந்த அம்மா சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. விற்பவரிடமோ தரகரிடமோ கேட்பதைவிட, தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களிடம் கேட்பதே மேல். வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்தும் வேலை சென்னையில் நடக்கிறது என்றாலும், சுண்ணாம்புச் சுவர் கொண்ட இந்த வீட்டுக்கு அதை எங்கள் பொறியாளர் பரிந்துரைக்கவில்லை. மனையின் பின்பாதியை மண் கொட்டி உயர்த்தும் செலவை மட்டும் கணக்கில் சேர்த்தோம்.

பிறகு பணக் கணக்கு. வங்கியின் மதிப்பீட்டாளர் வழக்கமான முறையில் போட்டார்: கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள், இறுதியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம், ஆகவே ஆண்டுக்கு 1.5 சதவீதத் தேய்மானம். 57 ஆண்டுகளுக்கு 85.5 சதவீதம் போய்விடுகிறது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால், 15 லட்சத்து 12 ஆயிரத்தில் எஞ்சுவது சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம். இது ஆவணத்துக்கான கணக்கு, எங்களுக்கான கணக்கு அல்ல. இதே அளவு வீட்டைப் புதிதாகக் கட்ட, சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் ஏறக்குறைய 19 லட்சம் ஆகும். இதைப் பழுதுபார்க்கப் பொறியாளர் சொன்ன தொகை 8 லட்சம். மிச்சம் 11 லட்சம் என்றாலும், பழுதுபார்த்த வீடு புது வீட்டின் ஆயுளைத் தராது. ஆகவே அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 5 லட்சம் என்று வீட்டுக்கு மதிப்பிட்டோம். பிற்காலத்தில் இடிக்க நேர்ந்தாலும் தேக்கு உத்திரங்களுக்கும் கதவு நிலைகளுக்கும் தனியே விலை உண்டு. நல்ல மரம் இருந்தால் இடிக்கும் ஒப்பந்ததாரரே வீட்டுக்காரருக்குப் பணம் தருவது இங்கே சாதாரணம். வீட்டுக்கு விலையே இல்லை என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். வீட்டுக்கு மதிப்பு இருப்பதைச் சொன்னால் விற்பவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று தரகர் எச்சரித்தார். நாங்கள் முழுக் கணக்கையும் காட்டினோம். வீட்டுக்கு 5 லட்சம் கூட்டி, பின்பாதி நிலத்துக்குக் குறைத்து, மண் கொட்டும் செலவைக் கழித்து எழுதிய ஒரே தாளை அவர்கள் முன் வைத்ததால், பேச்சு பிடிவாதமாக மாறாமல் வரிவரியாக நடந்தது.

நிலத்தின் விலைக்கு, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்க்காமல், அதே சர்வே எண்ணின் வில்லங்கச் சான்றில் அண்மையில் பதிவான விற்பனைகளையும் பார்த்தோம். பத்திரத்தில் காட்டிய தொகை முழு உண்மையாக இருக்காது என்றாலும், அடிமட்டம் எது என்று தெரியும். பதிவுச் செலவாக 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம்.

சொத்து விற்பவர்களின் தந்தை பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதவில்லை. வாரிசுகள் மூவர், அதில் மகள் வெளிநாட்டில் இருந்தார். மூவரும் கையெழுத்திட வேண்டும் என்பதில் எங்கள் வழக்கறிஞர் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிநாட்டில் எழுதப்பட்ட அதிகார ஆவணத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதையும், வெளிநாட்டில் வசிக்கும் விற்பனையாளரின் பங்குக்கு வழக்கமான 1 சதவீத வரிப்பிடித்தம் பொருந்தாது, வேறு பிரிவில் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் முன்கூட்டியே சொன்னார். இணையத்தில் கிடைத்த வில்லங்கச் சான்று 1975-க்குப் பிந்தைய பதிவுகளை மட்டுமே காட்டியதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குத் தனியே விண்ணப்பித்து, தாய்ப் பத்திரத்தோடு (சொத்தின் முந்தைய மூலப் பத்திரத்தோடு) ஒப்பிட்டுப் பார்த்தோம்.

விற்பனை ஒப்பந்தத்தில் 4,800 என்ற எண் எங்கும் வரவில்லை. அளந்த நான்கு பக்க அளவுகளும் 4,710 சதுர அடி என்ற பரப்பும் வரைபடத்தோடு இணைக்கப்பட்டன. பேசி முடித்த விலை, எங்கள் தாளில் இருந்த தொகைக்கும் அவர்கள் முதலில் கேட்டதற்கும் நடுவே, எங்கள் பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றது. பின்பாதி நிலத்துக்கு நாங்கள் கேட்ட குறைப்பில் பாதியைத்தான் தந்தார்கள். 90 சதுர அடிக்கான தொகையை முழுமையாகக் கழித்தார்கள். பதிவு முடிந்து பட்டா மாறுதலுக்கும் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் சமையலறை மேல் இருந்த தண்ணீர்த் தொட்டியை இறக்கி, அந்த இரண்டு உத்திரங்களை மாற்றும் வேலையை முதலில் தொடங்கினோம்.