தோட்டத்து டிராக்டர்: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 12, 2025, சனி
ஒஹாயோவில் பனி விட்டதுமே புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது, வண்டியோ இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் அணைகிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பேட்டரியும் மதியத்துக்குள் படுத்துவிட்டது. கோலர் கே301 இன்ஜின், ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடிவிடும் காண்டாக்ட் பாயின்ட் வைத்த காலத்துச் சரக்கு. மூடியைக் கழற்றினால் பாயின்ட் கருகி மேடுபள்ளமாக இருந்தது. புதிது போட்டு, அது முழுசாகத் திறக்கிற இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.020 அங்குல இடைவெளி வைத்தேன். அப்புறம் டெஸ்ட் பல்பை மாட்டி, ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரம்) ஸ்பார்க் விழ வேண்டிய இடத்தைக் காட்டும் ‘எஸ்’ குறி, அதைப் பார்க்கும் துளைக்கு நேரே வருகிற கணத்தில் பாயின்ட் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
25 நிமிடம் ஓடியது. அப்புறம் அதே கதை. ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயில்தான் கெட்டது என்று முடிவுகட்டி ஆர்டர் போட்டாயிற்று. அளந்து பார்க்கச் சோம்பல், அதுதான் உண்மை.

ஏப்ரல் 19, சனி
புதுக் காயில் போட்டும் அணைந்தது. கடுப்போடு மல்டிமீட்டரை எடுத்தேன். பாயின்ட் மூடியிருக்கும்படி வைத்து, சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ் முனையில் பார்த்தால் 8.7 வோல்ட், பேட்டரியிலோ 12.5. நடுவில் கிட்டத்தட்ட 4 வோல்ட்டை எதுவோ தின்கிறது! ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போய்ப் பார்த்ததில், சாவி ஸ்விட்ச்சின் பிளக்கில் ஒரு டெர்மினல் பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறிக் கிடந்தது. சூடேறச் சூடேற அங்கே மின்தடை கூடும், ஸ்பார்க் சோர்ந்துவிடும். வெட்டிப் போட்டு வேறு டெர்மினல் வைத்தேன், 12.2 வந்தது. 40 நிமிடம் புல் வெட்டினேன், நிற்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
இன்று சார்ஜிங். முழு வேகத்தில் ஓடினாலும் பேட்டரியில் 12.3 வோல்ட்தான், சார்ஜ் ஏறவில்லை. ஈஸ்டர் என்று கடை மூடியிருந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் சார்ஜைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரையும் வாங்கித் தொலைத்திருப்பேன். இன்ஜினை நிறுத்திவிட்டு ரெகுலேட்டர் பிளக்கைக் கழற்றி (ஓடும்போது கழற்றக் கூடாது), திரும்ப ஓடவிட்டு, மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரின் இரண்டு வயருக்கும் நடுவே மீட்டரை ஏசியில் (மாறுமின்னோட்டம்) வைத்து அளந்தேன்: 31 வோல்ட். 28க்கு மேல் வந்தாலே ஸ்டேட்டர் நல்லது. இந்த ரெகுலேட்டருக்குத் தனி எர்த் வயர் கிடையாது, அதன் உடம்பேதான் எர்த். போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு, துருவுக்கு மேலேயே எவரோ அடித்த பெயின்ட். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். 14.1 வோல்ட்!

பழைய காயிலையே திரும்ப மாட்டிவிட்டேன். புதுசு டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது, மின்சாதனம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.