பாப் பெய்ஸ்லியும் இரண்டாம் நாற்காலியும்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிக்குச் சொந்தமான ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 2020-இல் வைத்தார்கள். காயம்பட்ட ஆட்டக்காரர் எம்லின் ஹியூஸை ஒருவர் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போகிறார். தூக்குபவர் பாப் பெய்ஸ்லி. 1968-இல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. லிவர்பூலுக்காக மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற மேனேஜரைக் கோப்பையோடு நிறுத்தாமல் இப்படி ஆள் சுமக்க வைத்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெய்ஸ்லி சுரங்கத் தொழிலாளியின் மகன், டர்ஹாம் பக்கத்து ஹெட்டன்-லெ-ஹோல்காரர். கொத்தனார் வேலை பழகியவர். 1939-இல் லிவர்பூலில் சேர்ந்ததும் போர் வந்துவிட்டது. பீரங்கிப் படையோடு வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போய்த் திரும்பினார். 1946–47-இல் லீக் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 1950-இல், இங்கிலாந்து அணிகளின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் எவர்ட்டனுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஆனால் வெம்ப்ளியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு அவரை எடுக்கவில்லை. இடையில் பட்ட காயம் ஆறியிருந்தும் வெளியே உட்கார்ந்து, அணி ஆர்சனலிடம் தோற்றதைப் பார்த்தார்.

1954-இல் ஆட்டத்தை விட்டதும் ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டார். தபால் வழியில் பிசியோதெரபி படித்தார். 1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி மேனேஜராக வந்தார். அப்புறம் பதினான்கு ஆண்டுக்கு மேல் பெய்ஸ்லி அவருக்குப் பக்கத்து ஆள். பேச்சு, முழக்கம், கூட்டம் எல்லாம் ஷாங்க்லி. யாருடைய முழங்கால் சரியில்லை என்பதை நடையை வைத்தே கண்டுபிடிப்பது பெய்ஸ்லி. பேச்சு அவருக்கு வராது. பெயர் மறந்தால் 'டூயின்ஸ்' என்பார். நாம் 'அதான்பா, அந்த அவன்' என்கிற மாதிரி.

1974 ஜூலையில் ஷாங்க்லி திடீரென்று விலகினார். பெய்ஸ்லி வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார், நிர்வாகம் விடவில்லை. விலகிய ஷாங்க்லியோ வீட்டில் இருக்கவில்லை. காலையில் மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு வந்துவிடுவார். ஆட்டக்காரர்கள் அவரை 'பாஸ்' என்பார்கள். பொறுப்பில் இருப்பவரோ 'பாப்'. கடைசியில் இனி வர வேண்டாம் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அந்த மனக்காயம் ஷாங்க்லிக்கு ஆறவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஃபோர்மேன் ஓய்வு பெற்று என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் தினமும் பதினொரு மணி டீக்கு வந்துவிடுவார். பையன்கள் மை காயாத ஃபாரத்தை அவர் கையில் கொடுப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "மஞ்சள் தூக்கலா இருக்குதே தம்பி" என்பார், என்னைப் பார்க்காமல். மஞ்சள் தூக்கலாகத்தான் இருக்கும். அதுதான் கஷ்டம். அவரை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பெய்ஸ்லி பழைய வேலையையே செய்தார் என்று நினைக்கிறேன்: பார்ப்பது. ஷாங்க்லி போகும்போது வாங்கிவிட்டுப் போன ரே கென்னடி முன்களத்தில் சோபிக்கவில்லை. அவரை இடது நடுக்களத்துக்கு இறக்கினார். கென்னடி இங்கிலாந்து அணி வரை போனார். 1977-இல் கெவின் கீகன் ஹாம்பர்க் போனபோது கென்னி டால்கிலீஷைக் கொண்டுவந்தார். முதல் சீசனில் மட்டும் கையில் ஒன்றுமில்லை, லீகில் இரண்டாமிடம். ஒன்பது சீசன் முடிவில் ஆறு லீக் பட்டம்.

தாத்தா மாதிரி சாது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1981 டிசம்பர் 26, சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3–1 தோல்வி, அணி பன்னிரண்டாமிடம். ஃபில் தாம்ப்சனிடமிருந்து கேப்டன் பொறுப்பை எடுத்து கிரேம் சூனெஸிடம் கொடுத்தார். தாம்ப்சன் உள்ளூர்ப் பையன், ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த சீசனும் லீக் பட்டம் லிவர்பூலுக்குத்தான். வெளியே உட்கார வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் இதைச் செய்தார் என்பதை என்னால் இன்னும் முழுதாக விழுங்க முடியவில்லை.

எஃப்.ஏ. கோப்பை மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை, ஆட்டக்காரராகவும் சரி, மேனேஜராகவும் சரி. 1983-இல், கடைசி சீசனில், அதே வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2–1 என வென்று, லீக் பட்டத்திலிருந்து வேறான லீக் கோப்பையை வாங்கினார்கள். படியேறிப் போய்க் கோப்பை வாங்குவது கேப்டனின் வேலை. மேனேஜர் கீழே நிற்பார். சூனெஸ் ஒதுங்கிக்கொண்டு பெய்ஸ்லியை முன்னால் போகச் சொன்னார். அறுபத்து நான்கு வயதுக்காரர் படியேறிப் போனார்.