வாடைக்காலம் முடிந்தது, ஜெனரேட்டர் முதல் இழுப்பில் பிடித்தது

ஒரே இழுப்பு. அக்டோபரில் மூடி வைத்த ஜெனரேட்டரைப் பொங்கல் கழிந்து வெளியே எடுத்து, புது பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் டேப்பைத் திறந்து சற்றுப் பொறுத்து, சோக்கை வைத்துக் கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. சிலிண்டருக்குள் விட்டு வைத்திருந்த எண்ணெய் எரிந்து கொஞ்ச நேரம் வெண்புகை கக்கியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் காற்றில், வடகிழக்குக் காற்றடிக்கிற வாடைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த சின்ன என்ஜின் தானாக எழுந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று பந்தயம் கட்டிய மெக்கானிக் அண்ணன் இன்னும் டீ வாங்கித் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உள்ளேயே தங்கிப் பயணம் போகிற மாதிரி வேன் கட்டிய கதை பழையது, அதை விடுகிறேன். கூரையில் 400 வாட் சோலார், 12.8 வோல்ட்டில் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி. இவ்வளவு தெரிந்தால் போதும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. கணக்கு எளிது. அந்தப் பேட்டரியில் இருப்பது இரண்டரை யூனிட் மின்சாரம். சித்திரை வெயிலில் பகல் முழுக்க வெந்த தகரக் கூண்டைக் குளிர வைக்க ஏசி முழு மூச்சில் ஓடினால், நாம் படுக்கப் போகும் முன்பே அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே சாயங்காலம் ஜெனரேட்டரில் ஏசியைப் போட்டு வேனைக் குளிர வைப்பது, குளிர்ந்து ஏசி தணிந்த பிறகு சார்ஜரைப் போட்டுப் பேட்டரியை நிரப்புவது, இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஏசியை 27-இல் வைத்துப் பேட்டரியில் தூங்குவது என்று முறை வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் சின்ன ஜெனரேட்டர் திணறும்.

வாங்கும்போது எல்லோரும் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்த்தது எடையை. இண்டக்ஷன் அடுப்பையும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் 3 கேவிஏ வேண்டும். அதைத் தினமும் மணலில் இறக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அடுப்புக்குச் சின்ன கேஸ் சிலிண்டரே போதும் என்று முடிவெடுத்ததும் 2.2 கேவிஏ இன்வெர்ட்டர் ரகத்தில் வந்து நின்றேன். 21 கிலோ, ஒரு கையால் தூக்கலாம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற 2.2 உச்சத் திறன்தான். தொடர்ந்து கொடுப்பது 1.8. பழைய வகை ஏசியாக இருந்தால் கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுத்து ஜெனரேட்டரை அணைத்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி மெல்லக் கிளம்புவதால் இந்த அளவே தாங்குகிறது. மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய மூன்றரை சதவீதம் திறன் குறையும் என்று கழித்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானலில் கால்வாசி போய்விடும். கடல் மட்டத்தில் நமக்கு அந்தக் கவலை இல்லை.

சத்தமும் ஒரு காரணம். சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டுமானால், ஒரு பல்பு எரிந்தாலும் ஒன்பது பல்பு எரிந்தாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே தீரும். இன்வெர்ட்டர் ரகம் சுமை குறைந்தால் தானும் தணியும். அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்போரம் நிறுத்தியிருக்கும்போது பக்கத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் வீடு இருக்கிறது; விடியும் முன் கடலுக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு மறுநாள் மீன் கேட்டு நிற்க எனக்கு முகம் இல்லை.

ஜெனரேட்டரை வேனுக்குள் வைத்துக் கொண்டுபோவது என்ற பேச்சே கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கட்டிலுக்கடியில் தேங்கி நிற்கும், ஃபிரிட்ஜோ அடுப்போ ஒரு பொறி கொடுத்தால் போதும். ஆகவே பின்பக்கம், சேஸிஸில் போல்ட் போட்ட தாங்கியில், நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்காமல் ஒரு பெட்டி. கேள்வி, எதில் செய்த பெட்டி என்பதுதான். இரும்புத் தகட்டில் பவுடர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்று வெல்டிங் பட்டறைகள் எல்லாம் சொன்னன. கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே உப்பு உள்ளே புகுந்து அடியோடு உரித்துப்போட்டுவிடும். இங்கே கேட்டும் கிரில்லும் என்ன கதியில் நிற்கின்றன என்று பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.

விடை கடற்கரையிலேயே இருந்தது. ஃபைபர் படகு கட்டுகிற பட்டறை. பிளைவுட்டில் அச்சு செய்து, மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்கிற மேற்பூச்சைப் பூசி, அதன்மேல் கண்ணாடி நார் விரிப்பான ஃபைபர் மேட்டும் ரெசின் பிசினுமாக அடுக்கிக்கொண்டே போனார் மேஸ்திரி. ஒவ்வொரு அடுக்குக்கும் ரோலரால் காற்றுக் குமிழியை விரட்டி விரட்டி அழுத்தினார். ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைக் கலக்கி முடித்துவிட்டு, அப்புறம்தான் அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறப்பார். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால் பாட்டில்களைக்கூடப் பக்கத்தில் வைக்கவிடவில்லை. பெட்டி படகுத் தரத்தில் வந்தது. சண்டை ஓட்டையில்தான் வந்தது. பெட்ரோல் ஆவி கீழே தேங்கும், அடியில் காற்றுவழி வேண்டும் என்றேன். வாழ்நாள் முழுக்க அடியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் டிரில்லைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டார். "ஓட்டையை மேலே வைத்துக்கொள்ளலாமே தம்பி" என்று கெஞ்சாத குறை. கடைசியில் நானே போட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓட்டை போட்டதும் இன்னொரு தலைவலி. தென்மேற்குக் காற்றடிக்கிற கச்சான் காலத்தில் தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனைச் சாலையில் போனால், மணல் தரையோடு தரையாக ஓடி வரும். அடியில் ஓட்டை என்றால் நேரே உள்ளே. தற்போது பிவிசி எல்போவைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் திருப்பி, வாயில் நைலான் கொசுவலை கட்டியிருக்கிறேன். மணல் நின்றுவிட்டது. உப்பு ஈரம் நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. பயணத்தில் டேங்க் காலி, பெட்ரோல் டேப்பும் மூடியின் காற்றுவழியும் அடைப்பு, அடியில் ரப்பர், குறுக்கே இரண்டு ராட்செட் பெல்ட், நிமிர்ந்த நிலை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கார்புரேட்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற பாகம். முதல் இழுப்பின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இறங்குகிற இடம் கார்புரேட்டரின் கிண்ணம். அங்கேதான் தலைமுடி நுழையும் துளையோடு, பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட் உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் கழற்றிப்போட்டு வைத்திருந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்தேன்: அலுமினியத்தில் வெள்ளைப் பொருக்கு, ஜெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, ஓரத்தில் பழுப்புக் கோந்து. ஊசியால் குத்தி அந்தத் துளையைப் பெரிதாக்கிவிடுகிறவர்களும் உண்டு, அப்புறம் என்ஜின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

டேப்பை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓட்டினால் கிண்ணம் காலியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆகாது. ஜெட்டுக்கு எட்டுகிற அளவு தீர்ந்ததும் என்ஜின் நின்றுவிடும். அதற்குக் கீழே கொஞ்சம் தங்கும். அந்தக் கொஞ்சம்தான் எமன். அதை இறக்க அடியில் ஒரு வடிதிருகு இருக்கிறது. அந்தத் திருகின் மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லி மாளாது. பக்க மூடியைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை மடக்கி நுழைத்தால் விரல் நுனிக்குப் படும். கண்ணுக்குப் படாது. தலையோ மெத்தென்ற உலோகம், கூட்டல்குறிப் பள்ளம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ஏறி நழுவிப் பள்ளத்தைத் தின்றுவிடும்.

கூர்ந்து பார்த்தால் அந்தத் தலையில் பொட்டு மாதிரி ஒரு சின்னப் புள்ளி தெரியும். ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானிய அளவுத் திருகுகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளி இருக்கும். பள்ளத்தின் கோணமே கொஞ்சம் வேறு. அதற்கான ஸ்க்ரூடிரைவரை வரவழைத்து வைத்தேன். ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது, கால் சுற்றில் அசைந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக இவ்வளவு மகிழ்கிறவனை வீட்டில் யாரும் மதிக்கவில்லை. கார்புரேட்டர் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் நான் கேட்ட கடைகளில் ஸ்டார் என்று ஒரே ரகத்தைத்தான் நீட்டினார்கள்.

வடித்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் மங்கலாக ஒரு படலம் தனியாக நின்றது. அவ்வளவுதான் தண்ணீர், ஆனால் மூன்று மாதத்தில் கிண்ணத்தைக் கெடுக்க அது போதும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில், கயிற்றை மெதுவாகச் சில முறை இழுத்து உள்ளே பரவவிடுதல், பிளக்கைப் பூட்டுதல். பிறகு நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒரு வேலை: கயிற்றை மெல்ல இழுத்து, கை கனக்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிஸ்டன் அழுத்தத்தில் ஏறுகிற இடம் அது, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். உப்புக்காற்று சிலிண்டருக்குள் போக வழியில்லை. உள்நாட்டில் இதைச் செய்யாமல் தப்பிக்கலாம். வால்வு திறந்த நிலையில் இந்தக் கரையில் விட்டுவைத்தால் பிஸ்டன் வளையம் துருவில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியோடு வைக்காமல் வீட்டுக்குள் உள்ளறையில், பலகை மேல், பழைய பருத்தி வேட்டி போர்த்தி வைத்தேன். பிளாஸ்டிக் உறை வாங்கியிருந்ததைப் பார்த்த படகுக்காரப் பெரியவர் ஒருவர், "அதில் சுற்றாதே தம்பி, உள்ளேயே வேர்த்துவிடும்" என்றார். அந்த உறை இப்போது சைக்கிளுக்கு.

பெட்ரோல் கேன் பற்றி ஒரு வார்த்தை. விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, உலோகக் கலனாக, ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகாமல். நான் ஐந்து லிட்டர் உலோகக் கேனோடு நிறுத்திக்கொள்கிறேன். முழுச் சுமையில் மூன்று மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர் குடிக்கும், தணிந்து ஓடினால் அதே பெட்ரோலில் எட்டு மணி நேரம் ஓடும். ஒரு மாலைக்கு ஐந்து தாராளம். பழைய பெட்ரோலைச் சேர்த்து வைக்காமல் வேனுக்கோ பைக்குக்கோ ஊற்றித் தீர்த்துவிடுவது நல்லது.

ஓட்டும் இடத்தில் காற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். பகலில் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று இரவில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். மாலையில் புகை வேனைவிட்டு விலகிப் போகிறது என்று நினைத்து வைத்த ஜெனரேட்டர், திரும்பிய காற்றில் சன்னலுக்குள்ளேயே ஊதும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் கரையை ஒட்டிய திசையில், பக்கவாட்டில், இருபதடிக்கு மேல் தள்ளி, சைலன்சர் வேனுக்கு எதிர்ப்புறம். கச்சானில் காற்று திரும்புவதே அரிது, ஒரே மூச்சாகத் தென்மேற்குதான். அப்போது இடம் தேடுவது சுலபம். உள்ளே கட்டில் உயரத்தில் அலாரமும் இருக்கிறது. அது இருக்கிறதே என்று ஓடவிட்டுத் தூங்குவது கிடையாது.

இனிப் புலம்பல். பெட்டி அழியாது, ஆனால் கீலும் கொண்டியும் பழுப்பேறிவிட்டன. காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிக் கொடுத்தவை. காந்தம் 202 ரகத்திலும் ஒட்டாது. 304-ஆகவே இருந்தாலும் உப்பில் பழுப்புப் படியத்தான் செய்யும். மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். படகுச் சாமான் கடைகளில் கொண்டி கிடைக்கிறது, நான் கேட்கிற நீளத்தில் கீல் கிடைக்கவில்லை. மேஸ்திரி ஒரு யோசனை சொல்கிறார்: கீலே வேண்டாம், மூடியைத் தனியாக வார்த்து, நைலான் பட்டையில் கட்டிவிடலாம். அதோடு ஜெனரேட்டரைத் தூக்காமல் வெளியே இழுக்க ஒரு வழுக்குத் தட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

எப்போது என்பதுதான் தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி மராமத்துக்கு வரிசை கட்டும். அந்த வரிசைக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். மார்ச்சில் வந்து பாருங்கள் என்றார். தட்டுக்கு 316 தகடா, அதையும் ஃபைபரிலேயே வார்த்துவிடுவதா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும். ஃபைபர் தட்டை இந்த எடைக்குச் செய்து ஓட்டியவர்கள் இருந்தால் எத்தனை அடுக்கு மேட் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.