கொழும்புக்குள் போர்த்தடம்: ஒரு பகல் சுற்று

போர் நினைவிடம் பார்க்கவேண்டும் என்றால் திருகோணமலைக்கோ முல்லைத்தீவுக்கோ பஸ் ஏறுவதுதான் வழக்கம். கொழும்பிலேயே ஒரு பகல் சுற்ற இடமிருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வீதியில் நெரிசல் இராது, வெயிலும் ஏறியிராது.

முதலில் விகாரமகாதேவிப் பூங்கா. நுகேகொடைப் பக்கமிருந்து 138 பஸ்ஸில் வந்து பொது நூலகத்தடியில் இறங்குங்கள். அருகே நிற்கும் உயர்ந்த போர் நினைவுத் தூண், லண்டனின் செனடாஃப் போர் நினைவிடத்தை வடிவமைத்த எட்வின் லுட்யென்ஸின் வேலை. முதலில் நின்றது காலிமுகத்திடலில். இரண்டாம் உலகப் போரில், கடலில் வரும் எதிரிக்கு இதுவே குறி காட்டிக் கொடுக்கும் என்று கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். பின்னால் உள்ள சுவரில் போரில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கிய எழுத்து எழும்பித் தெரியும். ஃபிளாஷ் போட்டால் தட்டையாகிவிடும். நவம்பரில் இங்கே பொப்பி மலரோடு அஞ்சலி நடக்கும். 1930களில் பொப்பி விற்கும் நாளில் அதற்குப் போட்டியாகப் பூவரசம்பூ விற்றார்கள். பொப்பி விற்ற காசு இங்கிலாந்துக்குப் போகிறது என்பதுதான் கோபம். அதுதான் சூரிய மல் (சிங்களத்தில் பூவரசம்பூ) இயக்கம்.

அங்கிருந்து ரேஸ்கோர்ஸ் நடை தூரம். இப்போது கடைகளும் ரக்பி மைதானமுமாக இருக்கிறது. போரில் குதிரைப் பந்தயத் திடலையே விமான ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் இங்கிருந்தும் இரத்மலானையிலிருந்தும் கிளம்பின. முந்தின நாளே கொக்கலையிலிருந்து போன கற்றலினா கண்காணிப்பு விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தும், தாக்குதல் தலைக்குமேல் வந்தபோதுதான் பல விமானங்கள் எழும்பின. துறைமுகத்தில் டெனெடோஸ், ஹெக்டர் என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. அன்றே தெற்கே கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களும் மூழ்கின. இரண்டிலும் சேர்த்து 424 பேர் இறந்தார்கள்.

ஜாவத்தைப் பக்கம் உள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறையின் பெயர் லிவராமெந்து. ஓட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார். வெறுமனே 'ஜாவத்தை மயானம்' என்றால் முஸ்லிம் மையவாடியில் இறக்கிவிடக்கூடும். வரைபடத்தில் புள்ளியைக் காட்டுவதே சுலபம். குறிப்பிட்ட ஒருவரைத் தேடுவதென்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டி, பகுதி, வரிசை, கல்லறை எண்ணை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லாகப் பார்ப்பது வீண் அலைச்சல்.

அடுத்தது பொரளை. இங்குள்ள கனத்தை மயானத்தைத் தமிழர் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை 1983 ஜூலை 24 அன்று இங்கேதான் அடக்கம் செய்வதாக இருந்தது; கூடிய கூட்டத்திலிருந்துதான் தமிழருக்கு எதிரான கலவரம் கிளம்பியது. கொஞ்சத் தூரத்தில் வெலிக்கடைச் சிறை. ஜூலை 25இல் 35, 27இல் 18 என 53 தமிழ்க் கைதிகள் உள்ளே கொல்லப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் கலகம் செய்த இலங்கைப் பீரங்கிப் படையினர் மூவரைத் தூக்கிலிட்டதும் இதே சிறையில், 1942 ஓகஸ்டில். வெளியிலிருந்து தெரிவது மதில் மட்டும்தான். நின்று படம் எடுக்காதீர்கள், காவலர் வந்துவிடுவார்.

பொரளையில் 177 பஸ் எடுத்தால் பத்தரமுல்லைப் பக்கம் போகலாம். மிச்சத் தூரத்துக்கு ஓட்டோ. அங்கே 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப் படையில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. பெயர்கள் ஏறத்தாழ 1,200. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு இந்தச் சுவரைப் பார்க்கையில் என்ன தோன்றும் என்பதை அவரவரிடமே விடலாம். பாராளுமன்றம் பக்கத்தில் என்பதால் கெமராவை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதில் கவனம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மே மாத நடுப்பகுதியில் இந்தச் சுற்றை வைத்துக்கொள்ள வேண்டாம். 19ஆம் திகதி அரச படைவீரர் நினைவு நிகழ்வை ஒட்டி இந்தப் பக்க வீதிகளை மூடுவார்கள். 18ஆம் திகதிக்கு முள்ளிவாய்க்கால் போகிறவர்கள் வெள்ளவத்தை இரவு பஸ்ஸில் சீட்டை முதலே பதிந்துவிடுங்கள்.