தாண்டிக்குடி: தாத்தா ஒன்றும் பொறுமைசாலி இல்லை

தாத்தாவின் வருசத் திதி பங்குனியில் வந்தது. திண்டுக்கல்லில் இறங்கி, செம்பட்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறும் பஸ்ஸில் போனேன். கொடைக்கானலுக்குக் கீழே பழனி மலையில் இருக்கிற தாத்தாவின் ஊர் தாண்டிக்குடிக்கு இன்னொரு பாதையும் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சாலையில் ஏறி, ஊத்தில் பிரிந்து, பண்ணைக்காடு வழியாகப் போகலாம். அதில் கொடைக்கானலுக்குப் போகிற கார்களுக்கு வழிவிட்டே பாதி நேரம் போய்விடும். பெரும்பாறைப் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. கீழே தென்னந்தோப்புகள், வளைவுகள் தொடங்கியதும் காடு, அப்புறம் மர நிழலில் காப்பிச் செடிகள். போன வாரம் மழை பெய்திருந்ததால் செடிகள் பூத்திருந்தன. பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டு, பத்து நாளில் காப்பி ஒரே நேரத்தில் பூக்கும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். பஸ்ஸுக்குள்ளேயே வாசம் வந்தது.

தாத்தா இறந்தபோது ஒட்டிய போஸ்டரில் ‘பொறுமையின் சிகரம்’ என்று போட்டிருந்தார்கள். வீட்டில் எல்லோருமே அதைப் பார்த்துச் சிரித்தோம். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுகிற மனுசன் அவர். காப்பி ஆறும்வரை பொறுக்க முடியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு, அதற்கும் அப்பத்தாவைத் திட்டுவார். அப்படிப்பட்டவர் கையில் எடுத்ததெல்லாம் வருடக்கணக்கில் காக்க வைக்கிற பயிர்கள். அராபிகா காப்பி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம். மிளகுக்கொடியும் ஏறக்குறைய அப்படித்தான். பலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வயது, ஓட்டர் ஐடிப்படி 92. அப்பத்தா கணக்கில் இன்னும் கூட. சின்னப் பையனாக இருந்தபோதே மட்டக்குதிரைகளில் வாழைத்தார் ஏற்றி மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். அன்று இந்த மலையின் பெரிய வரவு வாழைதான். விருப்பாச்சி, சிறுமலை என்ற அந்த மலைவாழைகளில் ஈரப்பதம் குறைவு, சீக்கிரம் கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழத்தைத் தேடுவதும் அதனால்தான். கமலா ஆரஞ்சும் நிறைய இருந்ததாம். மரங்கள் நோய் வந்து பட்டுப்போயின. 1970களில் வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். வந்த வாழையில் இலைகள் உச்சியில் குறுகி, கொத்தாக நின்றுவிடும், தார் போடாது. மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அழிப்பதுதான் வழி. தாத்தா தன் தோட்டத்து வாழையைத் தானே வெட்டிச் சாய்த்தார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ‘அடுத்த வருசம் சரியாகிடும்’ என்று காத்திருந்தபோது இவர் காத்திருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருடைய அவசரம் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று சித்தப்பா இன்னும் சொல்வார். வாழை நின்ற இடத்தில் முழுக்கக் காப்பி வந்தது.

காப்பியில் அப்போது வேறு ஏற்பாடு. விளைந்ததை முழுக்க மத்திய அரசின் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாத் தோட்டத்துக் காப்பியையும் சேர்த்து விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுப்பார்கள். 1940களில், போர்க்காலத்தில் வந்த முறை அது. 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996க்குப் பிறகு விவசாயி தன் காப்பியைத் தானே விற்கலாம் என்றானது. இடையில் 1994இல் பிரேசிலில் கடும் பனி விழுந்து அங்கே செடிகள் கருகின, உலகம் முழுக்க விலை ஏறியது. மலையடிவாரத்துக் காப்பி வியாபார ஊரான பட்டிவீரன்பட்டியில் யாரோ சொல்லக் கேட்டு வந்த தாத்தா, பழம் எடுக்கிற பெண்களிடமெல்லாம் “பிரேசில்ல பனி விழுந்திருச்சு தாயி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பிரேசில் எந்தத் திசை என்று அவருக்குத் தெரியாது. என் அத்தை கல்யாணம் அந்தப் பனியில்தான் நடந்தது. 2001 வாக்கில் வியட்நாம் காப்பி குவிந்து விலை விழுந்தபோது, பழம் எடுக்கிற கூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்ட வரிசைகளும் உண்டு. அந்த வருடங்களில் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

திதியன்று காலையில் ஒரு சண்டை. சித்தப்பா வத்தலக்குண்டிலிருந்து பூவன் பழம் வாங்கி வந்திருந்தார். அப்பத்தா தொடவில்லை.

“இதைப் படைச்சா அந்த மனுசன் எந்திரிச்சு வந்து திட்டுவாரு. மலைப்பழம் கொண்டாங்கடா.”

“ஆத்தா, இப்ப எங்க போய்த் தேடுறது?”

“எங்கயாச்சும் போ.”

சரி என்று நானும் சித்தப்பாவும் கிளம்பினோம். ஒரு காலத்தில் மலை முழுக்க நின்ற வாழைக்கு வீடு வீடாக விசாரிக்க வேண்டியிருந்தது. 2008இல் விருப்பாச்சி, சிறுமலை இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, திசு வளர்ப்பில் நோயில்லாத கன்றுகளும் வந்தன, ஆனாலும் பழைய பரப்பு திரும்பவில்லை. வழியில் கல்திட்டைகள் பக்கம் நின்றோம். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். அகழாய்வு செய்தவர்கள் அளந்து குறித்துப் போன ஊர் இது. மழை பிடித்துக்கொண்டால் தாத்தா குதிரையை மரத்தில் கட்டிவிட்டு இந்தப் பலகைக் கல்லுக்கு அடியில் தவழ்ந்து நுழைந்துகொள்வாராம். பயமாக இருக்காதா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “செத்தவன் என்னடா செய்வான், உள்ள எடந்தான் பத்தாது” என்றார்.

கடைசியில் பழம் கிடைத்தது, முருகன் கோயில் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில். அரைத் தார். அந்த அம்மா காசு வாங்கவில்லை. “அவர் கொடுத்த கன்னுதான் தம்பி, நட்டுட்டு மறுவாரமே தார் விட்டுச்சான்னு கேக்க வந்துட்டாரு” என்றார்.

படையலில் இலை நிறைய எல்லாம் இருந்தது. பட்டர் ஃப்ரூட் மட்டும் வைக்கவில்லை. எண்பது வயதுக்கு மேல் தாத்தா நட்ட மரங்கள் அவை. சித்தப்பாவுக்கு இப்போது காப்பியை விட அதில்தான் நல்ல காசு. அவரோ ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சோப்பைத் தின்ற மாதிரி இருக்கிறது என்று துப்பியவர்.

போக நினைப்பவர்களுக்கு: காப்பிப் பழம் சிவந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழி. பூ வேண்டுமென்றால் பங்குனி மழையை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மாலைக்கு மேல் சாலையில் காட்டுமாடு நிற்கும், பலாப்பழக் காலத்தில் யானையும் வரும், பைக்கில் சுற்ற வேண்டாம். தாண்டிக்குடி கடையில் காப்பி கேட்டால் சிக்கரி கலந்துதான் வரும், ஏமாற வேண்டாம். தாத்தா வீட்டிலும் அதுதான். நல்ல கொட்டை எல்லாம் விற்பனைக்குப் போய்விடும். சிக்கரி இல்லாததை அவர் காப்பி என்றே ஒத்துக்கொண்டதில்லை.